மணியத்துக்குப் போட்ட இருக்கை

மரம் கிறீச்சிட்டால் தச்சர் அம்மாசிக்கு இன்னமும் உயிர் போய் உயிர் வரும். வீட்டில் ஒரு கட்டில்கூட வைக்க விடமாட்டார். தச்சரின் பெண்டாட்டியாக இருந்தும் பாப்பம்மா தரையில் பாய் விரித்துத்தான் படுக்கிறாள். ஏன் என்று அவளும் கேட்டதில்லை.

மலாயாவில் கோலா கெத்தில் என்ற கித்தாத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை, பொழுது போகாமல், ரப்பர்த் தகடு உலர்த்தும் புகைவீட்டுக்குப் பின்னால் சொந்தமாக ஒரு குட்டி விமானம் கட்டி வைத்திருந்தான். ஒரே ஆள் உட்காரலாம். ஜப்பான்காரன் வந்ததும் துரை ஓடிவிட்டான். புதிதாக வந்த ஜப்பானிய அதிகாரிக்கு விமானத்தின்மேல் ஆசை. பின்னால் இன்னொரு இருக்கை போடச் சொல்லி அம்மாசியிடம் விட்டான்.

அம்மாசிக்கு வேறு கவலை. பாப்பம்மாவின் தம்பி மணியத்தைச் ஜப்பான்காரன் போடும் சயாம் ரயில் பாதை வேலைக்குக் குறித்துவிட்டார்கள். போனவர்களில் ஒருத்தன்கூடத் திரும்பவில்லை.

"பின்னால உக்கார ஒரு எடுபிடி வேணும் துவான். நம்ம மணியத்த வச்சுக்குங்க" என்று கும்பிட்டார். அதிகாரி தலையாட்டினான். பாப்பம்மா அழுதுகொண்டே சிரித்தாள்.

இருக்கைக்கு இடம் போதவில்லை. இறக்கைகளைத் தாங்கும் குறுக்குச் சட்டம் இடித்தது. மாட்டுவண்டியில் சட்டம் இடித்தால் பாதியைச் செதுக்கி, துளை போட்டு, இரும்புப் பட்டை வைத்து முடுக்குவார். வண்டி பல வருஷம் ஓடும். இங்கேயும் அதையே செய்துவிட்டு, "யானை ஏறினாலும் அசையாதுலா" என்று பெருமையடித்தார்.

அடப்பாவி மனுஷா! வண்டிக்குக் கீழே தரை இருக்கிறது.

பந்துத் திடலில் விமானத்தைத் தள்ளிக்கொண்டு போனார்கள். சக்கரம் ஒரு குழியில் இறங்கி ஏறியது. பட்டை போட்ட இடத்தில் கிறீச் என்றது. விரிசல் விடும் மரத்தின் சத்தம் அம்மாசிக்குத் தெரியாதா? சொன்னால் இருக்கையைப் பிடுங்கிவிடுவார்கள், மணியம் சயாமுக்குப் போவான். வாயை மூடிக்கொண்டார்.

அதிகாரி முன்னாலும் மணியம் பின்னாலும் ஏறி உட்கார்ந்து, இயந்திரம் உறுமியதும் அவரால் தாங்க முடியவில்லை. "மணியம், எறங்குடா!" என்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு ஓடினார். ஒன்றும் கேட்காத மணியம், மச்சான் வழியனுப்புகிறார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே கையாட்டினான்.

கித்தா மரங்களுக்கு மேலே திரும்பும்போது ஒரு பக்க இறக்கை மடிந்தது.

சண்டை முடிந்தபின் சயாமிலிருந்து நாலைந்து பேர் எலும்பும் தோலுமாகத் தோட்டத்துக்குத் திரும்பினார்கள். அவர்களுக்குக் கஞ்சி ஊற்றிவிட்டு வந்த பாப்பம்மா, புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, மணியமும் இவங்களோட போயிருந்தா, இன்னைக்கு வந்திருப்பான் இல்ல?"