தடுப்புக்கு அந்தப் பக்கத்து மெட்டு

பன்னிரண்டாம் வகுப்பில் இசையை முதன்மைப் பாடமாக எடுத்தவர்கள் மொத்தமே ஐந்து பேர். உயரத்தால் நெட்டை என்று பெயர் வாங்கியவளுக்கு வயலின். அவளுடைய உயிர்த்தோழி சுருட்டைக்குப் பியானோ. சொந்தமாக நான்கு நிமிட இசை ஒன்றை அமைத்து எழுதிக் கொடுக்க வேண்டும்; மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் அதற்குத்தான்.

நெட்டைக்கு வாசிக்க வரும், சொந்தமாகக் கட்ட வராது. இரண்டு மாதம் வெற்றுத்தாளை வைத்துக்கொண்டு தலையைப் பிய்த்துக்கொண்டாள். பயிற்சி அறைகளுக்கு நடுவே இருந்ததோ வெறும் பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் சுருட்டை ஒரே மெட்டை விடாமல் வாசித்துத் திருத்திக்கொண்டிருந்தாள். மளமளவென்று ஏறிப்போய், உச்சியைத் தொடும் முன் தயங்கி, ஒரு படி சறுக்கி இறங்கும் மெட்டு. ஒருநாள் நெட்டையின் வில் தானாகவே அதை வாசித்தது. தானாக என்றுதான் அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சுருதியை மாற்றினாள், வேகத்தைக் குறைத்தாள், அதை நடுவில் வைத்து மற்றதைச் சுற்றிலும் கட்டினாள். கெடுவுக்கு மூன்று நாள் முன்பே கொடுத்தும்விட்டாள்.

"அந்த நடுப்பகுதி பிரமாதம். எங்கிருந்தும்மா பிடிச்சே?" என்றார் இசை ஆசிரியை. நெட்டை சிரித்து வைத்தாள். தையல்கடை வைத்திருந்த அம்மாவோ, அளவு கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிப் பூரித்துப்போனாள்.

சுருட்டை கடைசி நாளில் கொடுத்தாள். மறுநாளே ஆசிரியை அவளைக் கூப்பிட்டார். அறைக் கதவு திறந்திருந்தது. வெளியே நின்ற நெட்டைக்கு எல்லாம் கேட்டது.

"இதே மாதிரி ஒண்ணை உன் தோழி முன்னாடியே கொடுத்திருக்காளேம்மா."

"என்னோடதுதான் மிஸ்."

"முதல்ல எழுதிப் பார்த்த தாள் ஏதாவது இருக்கா?"

"இல்ல மிஸ். வாசிச்சு வாசிச்சேதான் பண்ணேன்."

அப்போதே உள்ளே போயிருக்கலாம். தண்ணீர் குடிக்கப் போகிறவள் போல நழுவினாள் நெட்டை.

மூன்றாம் நாள் சுருட்டையே தேடி வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன்டி. நீ வாசிச்சது காதுல விழுந்து, எனக்கே தெரியாம ஒட்டிக்கிச்சு போல. சத்தியமா வேணும்னு பண்ணலை. மன்னிச்சிடு. என்னோடதைத் திருப்பி வாங்கிக்கப் போறேன்."

அவள் நாலு அறை விட்டிருந்தால்கூட நெட்டை தாங்கியிருப்பாள். இந்த மன்னிப்பை அவளால் தாங்க முடியவில்லை.

"நீ எடுக்கலை. நான்தான் உன்னோடதை எடுத்தேன். தெரிஞ்சேதான்."

சுருட்டை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மிஸ் கேட்டப்போ நீ வெளியதானே நின்னே?"

"ஆமா."

இருவரும் தள்ளித் தள்ளி நடந்து ஆசிரியையிடம் போனார்கள்.

இசை அமைக்கும் பகுதிக்கு நெட்டைக்குப் பூஜ்யம். "கேக்கறவங்ககிட்ட நான் என்னடி சொல்றது?" என்று அம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "உள்ளதைச் சொல்லும்மா," என்றாள் நெட்டை. அம்மா யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அன்று முழுக்க அவளிடமும் பேசவில்லை.

வாசிப்பில் எடுத்த மதிப்பெண்ணால் நெட்டை தட்டுத்தடுமாறித் தேறினாள். சுருட்டைதான் முதல். முடிவு வந்த அன்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், "ரொம்ப சந்தோஷம்டி," என்று கையை நீட்டினாள் நெட்டை. சுருட்டை அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"நன்றிங்க," என்றாள்.