பெட்டிக்குள் வந்த சொந்தக்காரர்

மருத்துவமனையின் பின்பக்கம், சமையல்கூடத்தைத் தாண்டி இருந்தது சலவைக்கூடம். ஒரு நாளைக்கு எண்ணூறு படுக்கை விரிப்பு அங்கே அழுக்காக வந்து வெள்ளையாகத் திரும்பிப் போகும். மேஜையருகே நின்று அவற்றை நாலாகவும் எட்டாகவும் மடிப்பவளை எல்லோரும் மடிப்பக்கா என்று கூப்பிட்டார்கள். அது பழைய கதை. ஐந்து மாதமாக அவளை யாரும் எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை. முதுகுக்குப் பின்னால் மட்டும் ஒரு பெயர் உலவியது. பச்சோந்தி.

எல்லாம் ஒரு கையெழுத்தால் வந்தது. நிர்வாகம் புதிய ஷிப்டு அட்டவணையை நீட்டியபோது, யாரும் கையெழுத்துப் போடுவதில்லை என்று தொழிலாளர்கள் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். அவளும் தலையாட்டினாள். மூன்றாம் நாள் முதல் ஆளாகப் போய்க் கையெழுத்துப் போட்டு, நிரந்தரமாகக் காலை ஷிப்டை வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். கட்டு உடைந்தது. மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போட வேண்டியதாயிற்று. ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டவர்களுக்கு அவள் பதிலே சொல்லவில்லை.

பதில் வீட்டில் படுத்திருந்தது. அவள் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு ஏழு மாதம். திங்களும் வியாழனும் மத்தியானம் இதே மருத்துவமனையின் மூன்றாம் மாடியில் நாலு மணி நேரம் டயாலிஸிஸ். காலை ஷிப்டு இருந்தால்தான் அவள் கூட இருக்க முடியும். இருபது வருடம் பஸ் ஓட்டியவர் அவர். "என் வியாதிய ஊருக்கெல்லாம் ஒலிபரப்பாத" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அடுத்தவர் பரிதாபம் அவருக்கு ஆகாது. அவளும் வாயைத் திறக்கவில்லை.

காலை நாலரைக்கு எழுந்தால் சமையல், மாத்திரை, பஸ், எட்டு மணி நேரம் நின்ற வேலை, மறுபடி வீடு. நீட்டி முழக்கிக் கடவுளிடம் கேட்க அவளுக்குத் தெம்பு கிடையாது. அடுப்பைப் பற்றவைக்கும்போது "இன்னிக்கு மட்டும்" என்பாள். அவ்வளவுதான் அவள் பிரார்த்தனை. மறுநாளும் அதையேதான் சொல்வாள்.

ஒரு வெள்ளிக்கிழமை ஷிப்டு முடிந்து துணி மாற்றும் அறைக்குப் போனபோது, அவள் அலமாரிக்குள் ஒரு செருப்புப் பெட்டி இருந்தது. மூடியின் மேல், துணிக்குக் குறி போடும் பேனாவால் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்கள்: "மடிப்பக்காவின் சொந்தக்காரர்". கதவுக்கு வெளியே அடக்கிய சிரிப்புச் சத்தம் கேட்டது.

திறந்தாள். உள்ளே ஒரு பச்சோந்தி கிடந்தது. பச்சை என்பது பேரில்தான் இருந்தது. உடம்பு காய்ந்த சருகின் நிறம். கண்கள் இரண்டும் குழி விழுந்து மூடியிருந்தன. விரலால் தொட்டாள். அது சீறவும் இல்லை, நகரவும் இல்லை. 

"சொந்தம் விட்டுப் போகுமா? எப்படி ஒட்டிக்கிச்சு பாரு!" என்றது வாசலில் ஒரு குரல். விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் சூடான உருளையில் வேலை செய்பவன். எந்நேரமும் நீராவிக்குள்ளேயே நிற்பதால் அவனுக்கு ஆவி என்று பெயர். மற்றவர்கள் அவள் அலறுவதற்காகக் காத்திருந்தார்கள்.

அவள் அலறவில்லை. "இது சாகப்போகுதே" என்றாள். கத்தரிக்கோலால் மூடியில் நாலு ஓட்டை போட்டு, பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு அவர்களைக் கடந்து பஸ்ஸுக்கு நடந்தாள். கேலிக்காக வந்ததுதான். அது அவளுக்கும் புரிந்தது. ஆனால் அந்தக் கேலியில் பெட்டிக்குள் இருந்ததற்கு என்ன பங்கு? மூச்சு விடுகிற ஒன்றைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போக அவள் கால் வரவில்லை.

கணவர் மூடியை எடுத்துப் படித்தார். "சொந்தக்காரரா? யார் வழியில? உங்க வீட்டு வழியா, எங்க வீட்டு வழியா?"

"சும்மா இருங்க."

"இப்படிக் கண்ண மூடிட்டு, கூப்பிட்டாலும் பேசாம... எங்க சித்தப்பா மாதிரிதான் இருக்கு." சிரித்தவர் நிறுத்தினார். மூடியை இன்னொரு தடவை பார்த்தார். "உன்னை அங்க பச்சோந்தின்னா சொல்றாங்க?"

அவள் அடுப்படிக்குப் போனாள்.

"எத்தன நாளா?"

"சாப்பிட வாங்க" என்றாள். அன்று அவர் சாப்பாட்டில் பாதியை மிச்சம் வைத்தார்.

ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி அதன் மூக்குக்கு நேராக வைத்தாள். சனிக்கிழமை காலை வரைக்கும் கிண்ணத்தில் ஒரு துளி குறையவில்லை. வேலை முடிந்து வந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கால்நடை டாக்டரிடம் போனாள். அவர் கொஞ்சம் தயங்கினார். "நான் மாடு, நாய் பாக்கிறவன்மா. இருங்க, படிச்சுப் பாத்துச் சொல்றேன்" என்று பத்து நிமிஷம் கம்ப்யூட்டரில் படித்தார். பிறகு அதன் கால்களை மெதுவாகத் தடவினார்.

"யாரோ கடையில அடைச்சு வச்சு வளத்திருக்காங்க. வெயில் படாம எலும்பு மெத்துன்னு ஆயிடுச்சு. அதுகூட மெல்லச் சரி பண்ணலாம். தண்ணி இல்லாமத்தான் இப்ப சாகுது."

"கிண்ணம் நிறைய வச்சேனே டாக்டர்."

"தேங்கி நிக்கிற தண்ணிய இதுக்குத் தண்ணின்னே தெரியாதும்மா. இலை மேல சொட்டுச் சொட்டா விழணும். அது அசையறதப் பாத்தாத்தான் குடிக்கும். கிண்ணத்துப் பக்கத்துலயே படுத்துத் தாகத்துல செத்துப்போகும்." ஒரு சொட்டுக்குழாயும் சுண்ணாம்புச் சத்துப் பொடியும் கொடுத்தார். "பகல் முழுக்க விட்டு விட்டு ஊத்துங்க. இப்ப உதட்டுல வைங்க, அப்புறம் இலையில. செவ்வாய்க்கிழமைக்குள்ள தானாக் கண்ணத் தொறந்து குடிச்சா பிழைச்சுக்கும். நடுவுல அரை நாள் விட்டுட்டாக்கூடக் கஷ்டம்."

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தவளுக்கு எழுந்திருக்க மனசில்லை. இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டாள். இருக்கிற பாரம் போதாதா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். மூன்றாவது பஸ்ஸில் ஏறினாள்.

ஞாயிற்றுக்கிழமை சொட்டுக்குழாயைக் கணவரே வாங்கிக்கொண்டார். "நீ கொஞ்சம் படு. எனக்கு வேற என்ன உத்தியோகம்?" முற்றத்துச் செடியிலிருந்து ஒரு கிளையை ஒடித்து நாற்காலியில் கட்டி, பச்சோந்தியை அதில் ஏற்றி, வெயில் விழும் ஜன்னலோரம் உட்கார்ந்தார். வறண்ட நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டே அதன் வாயோரம் ஒவ்வொரு சொட்டாக வைத்தார். அவருக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான் கணக்கு. 

"ஒரு டாக்டர் குடிக்காத குடிக்காதங்கறான். இன்னொருத்தன் ஊத்து ஊத்துங்கறான். ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல போட்டா அடிச்சுக்குவானுங்க" என்றார். பிறகு குனிந்து, "குடிங்க மாப்பிள்ளை. கூப்பிடாம வந்தாலும் மரியாதைக்குக் குறைச்சல் இருக்காது" என்றார்.

பாயில் படுத்தபடி அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். தாகத்தோடு இருக்கிற ஒருவர் கையில் தண்ணீரை வைத்துக்கொண்டு இன்னொன்றின் வாயில் ஊற்றுகிறார். கடவுளுக்கு இதைவிடப் பெரிய பூஜை யாரும் செய்துவிட முடியாது என்று அவளுக்குத் தோன்றியது. அப்படியே தூங்கிப்போனாள்.

சாயங்காலம் அது தொண்டையை அசைத்தது. கண்ணைத் திறக்கவில்லை.

"நாளைக்குத் திங்கள். ரெண்டு மணிக்கு மேல நாம ரெண்டு பேரும் இருக்க மாட்டோம்" என்றாள். "டயாலிஸிஸ் ரூமுக்குள்ள இதை விட மாட்டாங்க."

"உங்க சலவைக்கூடத்துல சூடும் ஈரமும் இருக்கும். அங்க யாரையாச்சும் கேளு."

"எந்த முகத்த வச்சிட்டுக் கேக்கறது?"

"இருக்கிற முகத்த வச்சிட்டுத்தான்."

"ஏன் வீட்டுல விட்டுட்டு வரலன்னு கேப்பாங்க."

அவர் சொட்டுக்குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சொல்லிக்க" என்றார். "ஊருக்கு ஒலிபரப்ப வேணாம். கேக்கறவங்ககிட்டச் சொல்லிக்க."

திங்கள் மத்தியானம் அவர் மடியில் பெட்டியோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். அவரை லிப்டுக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, அவள் பெட்டியோடு சலவைக்கூடத்துக்குத் திரும்பினாள். மத்தியான ஷிப்டு தொடங்கியிருந்தது. உருளைக்குள் விரிப்பைச் செலுத்திக்கொண்டிருந்தான் ஆவி. முன்பு காலை ஷிப்டு அவனுடையது. அவள் வாங்கிக்கொண்டது அவனிடமிருந்துதான்.

"தம்பி" என்றாள். 

அவன் திரும்பவில்லை. "என்ன, சொந்தக்காரர் செத்துட்டாரா?"

"இன்னும் இல்ல. சாயங்காலம் வரைக்கும் நீ பாத்துக்கணும். சொட்டுச் சொட்டாத் தண்ணி வைக்கணும். இல்லன்னா செத்துடும்."

மடிப்பு மேஜையில் இருந்த பெண்கள் கையை நிறுத்தினார்கள். அவன் சிரித்துவிட்டான். "நானா? நல்லா இருக்கே! வீட்டுல வச்சுக் கொஞ்ச வேண்டியதுதானே?"

"வீட்டுல யாரும் இல்ல. அவருக்கு மாடியில டயாலிஸிஸ். நாலு மணி நேரம் ஆகும்."

அந்தக் கூடத்தில் அவள் அந்த வார்த்தையைச் சொல்வது அதுதான் முதல் தடவை. உருளை சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு விரிப்பு அந்தப் பக்கம் போய் யாரும் பிடிக்காமல் தரையில் விழுந்தது.

"எப்ப இருந்து?"

"ஏழு மாசமா."

அவன் மனசுக்குள் மாதங்களை எண்ணுவது முகத்தில் தெரிந்தது. கையை இடுப்புத் துண்டில் துடைத்தான். "என் மச்சான் பிராணிக் கடையில இருக்கான். பிழைக்காதுன்னு தூக்கிப்போட்டதத்தான் வாங்கிட்டு வந்தேன்" என்றான், அவள் கேட்காமலே. பிறகு, "எப்படி விடணும்? காட்டுங்க" என்றான்.

காட்டினாள். நேரமாகிவிட்டது, பெஞ்சிலிருந்த கணவரைக் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போனாள்.

நாலு மணி நேரமும் கணவரின் படுக்கையருகே ஸ்டூலில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்திருந்தாள். கீழே போய்ப் பார்க்கலாமா என்று இரண்டு தடவை எழுந்தாள். இரண்டு தடவையும் அவர், "விட்டாச்சுல்ல? விடு" என்றார். அவளுக்குப் பயம் அது சாவதைப் பற்றி மட்டுமில்லை. அவர்கள் கையில் செத்துப்போனால் அதன் பிறகு யார் முகத்தை யார் பார்ப்பது?

ஆறரை மணிக்கு அவரை மெல்ல நடத்திக் கூட்டிவந்து பெஞ்சில் உட்காரவைத்தாள். சலவைக்கூடத்துக்குள் போனவள் பெட்டியைத் தேடினாள். அது மேஜை மேல் காலியாகக் கிடந்தது. குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தாள்.

"இங்க வாங்க" என்றாள் ஒரு பெண். மடிப்பு மேஜைப் பெண்களிடமிருந்து ஐந்து மாதத்தில் அவளுக்கு வந்த முதல் பேச்சு.

விரிப்புத் தள்ளும் வண்டியின் கம்பியில் ஒரு சலைன் பாட்டில் தொங்கியது. காலாவதியான செட் என்று ஸ்டோரில் ஒதுக்கியதை ஆவி கேட்டு வாங்கி, கழுவி, வெறும் தண்ணீர் நிரப்பியிருந்தான். குழாயின் சின்னச் சக்கரத்தைத் திருகி, நோயாளிக்கு வைப்பது போலச் சொட்டை அளந்து விட்டிருந்தான். கீழே தோட்டத்திலிருந்து ஒடித்த ஒரு கிளை. சொட்டு இலையில் விழுந்து உருண்டது. அதற்கு முன்னால் பச்சோந்தி கிளையைப் பற்றிக்கொண்டிருந்தது. ஒரு கண் பாதி திறந்து அவள் பக்கம் சுழன்றது; இன்னொன்று சொட்டைப் பார்த்தது. வாயைத் திறந்து இலை நுனியை நக்கியது.

"அஞ்சே கால் மணிக்குத் தானாக் குடிக்க ஆரம்பிச்சுதுக்கா" என்றான் ஆவி. அக்கா என்றது அவனுக்கே தெரிந்ததோ என்னவோ. "கையால வச்சா நமக்குக் கை வலிக்குது, அதுக்குக் கோபம் வருது. ஐ.சி.யு.ல சேத்துட்டோம். சூப்பர்வைசர் வந்து, எந்த வார்டு பேஷன்ட்டுன்னு கேட்டாரு."

பெண்கள் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எத்தனையோ நாளாகப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் நின்றவள்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" என்றான்.

"அவருக்குப் பிடிக்காது."

அவன் தலையை ஆட்டினான். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனாலும் கையெழுத்துப் போட்டது போட்டதுதான். பத்து மணிக்கு நான் வீட்டுக்குப் போறப்ப என் பொண்ணு தூங்கியிருப்பா. காலையில ஸ்கூல் வேனுக்கு ஓட்டம். அஞ்சு மாசமா அவகிட்ட உக்காந்து பேசல. அது எனக்கு மறக்கலக்கா" என்றான்.

அவளுக்கு அது தெரியாது. தன் கஷ்டத்தை அவள் சொல்லாதது போலவே அவனும் சொல்லியிருக்கவில்லை. மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தாள். மன்னிப்பை வைத்துக்கொண்டு அந்தக் குழந்தை என்ன செய்யும்?

"திங்களும் வியாழனும்தான் எனக்குக் காலையில வேணும்" என்றாள். "மத்த நாள்ல நீ காலையில வா. நான் மத்தியானத்துக்கு வர்றேன். அவர் சமாளிச்சுக்குவாரு. உருளையும் எனக்குத் தெரியும், மடிப்பும் உனக்குத் தெரியும்."

"காகிதத்துல வேற மாதிரியில்ல இருக்கு?"

"மாத்திக்கக் கூடாதுன்னு காகிதத்துல இல்லையே. சூப்பர்வைசர்கிட்ட நானே பேசறேன்."

"யோசிச்சுச் சொல்றேன்" என்று அவன் உருளைக்குத் திரும்பினான்.

அவள் பச்சோந்தியைக் கிளையோடு பெட்டிக்குள் இறக்கினாள். சலைன் பாட்டிலைக் கழற்றி அவனே அவள் பைக்குள் வைத்தான். வாசலைத் தாண்டியிருப்பாள், பின்னாலிருந்து நீராவிக்குள் குரல் வந்தது.

"அக்கா! நாளைக்கு எத்தன மணிக்கு வரட்டும்?"

"ஆறுக்குப் பத்து நிமிஷம் முந்தியே வந்துடு. பாய்லர் சூடாக நேரமாகுது."

"பாய்லரப் பத்தி எனக்கே பாடமா?"

"அஞ்சு மாசமா அதைப் பத்தவைக்கறது நான்தானே?" என்றாள் அவள். பிறகு பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பெஞ்சில் காத்திருந்தவரை நோக்கி நடந்தாள்.