நான்கு துண்டுச் சாவி

வீட்டில் எல்லோரும் அவளைத் துருவி என்றுதான் கூப்பிடுவார்கள். எது கெட்டாலும், ஏன் கெட்டது என்று துருவாமல் அவளுக்குத் தூக்கம் வராது. அன்று காலை கணவனின் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டபோது மட்டும் துருவ நேரமில்லை. அவன் பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பிரெயில் புத்தகம் தயாரிப்பவன். எட்டு மாதம் பாடுபட்ட கணக்குப் புத்தகம் மறுநாள் அச்சுக்குப் போயாக வேண்டும்.

ரிப்பேர்க்காரர் வந்து பார்த்தார். பேக்கப் டிஸ்கில் கம்ப்யூட்டரை ஓட்டும் மென்பொருள் முதல் நேற்று மாலை செய்த வேலை வரை எல்லாம் இருக்கிறது, அப்படியே திருப்பி ஏற்றிவிடலாம் என்றார். ஏற்றப்போனால், நாற்பத்தெட்டு எண் கொண்ட சாவியைக் கேட்டது திரை. டிஸ்கைப் பூட்டிய மகராசன் சாவியைச் செத்துப்போன கம்ப்யூட்டருக்குள்ளேயே சேமித்திருந்தான்.

"பிரிண்டும் எடுத்தேனே. பெரிய எழுத்துல, நாலு வரி. மேசை மேலதான் வச்சேன்," என்றான் கணவன்.

துருவிக்குச் சுருக்கென்றது. ஒரு பக்கம் வெறுமையாக இருக்கும் தாளை அவள் தூக்கிப் போட்டதே இல்லை. குறுக்கே நான்காக வெட்டிக் குறிப்பெழுத வைத்துக்கொள்வாள். கத்தரிக்கோல் அவள் கையில் நேராகப் போனதும் இல்லை, அதைச் சொல்லிக் கிண்டல் செய்யாமல் அவன் இருந்ததும் இல்லை. அவளுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் துண்டுகள் எங்கெங்கே போயிருக்கும் என்ற ஆவல் வெட்கத்தை ஓரங்கட்டிவிட்டது.

ஒன்று ஃபிரிட்ஜ் கதவில் சாமான் பட்டியலாகத் தொங்கியது. இன்னொன்று அவன் பாதி படித்த நாவலுக்குள் இருந்தது. மூன்றாவது, ஆடுகிற மேசைக்காலுக்கு அடியில். நான்காவதைக் காணவே காணோம். கைப்பை முதல் குப்பைக்கூடை வரை சல்லடை போட்டுத் தேடியாயிற்று.

அலுத்துப்போய்க் கம்ப்யூட்டர் முன் வந்து உட்கார்ந்தாள். திரையின் ஓரத்தில், அவளே எழுதி ஒட்டிய சீட்டு: 'மறக்காமல் பேக்கப் எடுக்கவும்.' உரித்துத் திருப்பினாள். பின்னால் பன்னிரண்டு எண்கள்.

எது முதல் வரி, எது கடைசி வரி? கணவன் துண்டுகளை மேசைமேல் நகர்த்திப் பார்த்தான். கோணல் விளிம்புகள் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தின. வரிசைப்படி தட்டினார் ரிப்பேர்க்காரர், பூட்டு திறந்தது. மதியத்துக்குள் புத்தகம் திரையில் வந்து நின்றது.

"நேரா வெட்டியிருந்தா இருபத்து நாலு விதமா அடிச்சுப் பாக்க வேண்டியிருந்திருக்கும்," என்றான். அதற்குமேல் கிண்டல் இல்லை.

ஏன் கெட்டது என்று அவள் ரிப்பேர்க்காரரைக் குடைந்துகொண்டிருக்கையில் அவன் சாவியை மறுபடி பிரிண்ட் எடுத்தான். இந்த முறை, தாளின் இரண்டு பக்கமும்.