தொண்டிப் பொருள் எண் பதினேழு

அந்த வரியை எழுதியது நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு என்னை உத்தமி என்று நினைத்துவிடுவீர்கள்.

நீதிமன்றத்தில் தொண்டிப் பொருள் அறை என் பொறுப்பு. வழக்குகளில் பறிமுதலாகும் கத்தி, கைபேசி, சைக்கிள் எல்லாம் என்னிடம்தான் வரும். எண் போட்டு, சீட்டுக் கட்டி, பதிவேட்டில் ஏற்றுவேன். செங்கல் சூளைக்காரர் மேல் போட்ட மிருகவதை வழக்கில் ஒரு கழுதை வந்தது. முதுகில் உள்ளங்கை அகலப் புண். கைப்பழக்கத்தில், துருப்பிடித்த சைக்கிளுக்கு அடுத்த வரியில் எழுதிவிட்டேன்: "எண் பதினேழு. கழுதை, ஒன்று. பயன்படுத்திய நிலையில்."

மூன்று மாதம் பின்பக்கக் கொட்டகையில் நான்தான் புல் போட்டேன், களிம்பு தடவினேன். களிம்பு கொண்டுவந்தது என் தம்பி. விலங்குக் காப்பகத்தில் வண்டி ஓட்டுகிறான். "அக்கா, உன் பிடிவாதத்துக்கு இப்பதான் சரியான ஜோடி கிடைச்சிருக்கு" என்பான்.

பிறகு சூளைக்காரர் கழுதையைத் திருப்பிக் கேட்டு மனுப் போட்டார். அவருடைய வக்கீல் என் வரியை நிறுத்தி நிதானமாக வாசித்தார்.

"நீதிமன்றப் பதிவேடே இதைப் பொருள்னு சொல்லுது. வழக்கு முடியுற வரைக்கும் பொருள் உரிமையாளர்கிட்ட இருக்கட்டும்."

அந்தப் புண் இப்போதுதான் மூடியிருந்தது. நீதிபதி கூப்பிடாமலே எழுந்து அவர் முன் நின்றேன்.

"அம்மா, எழுதினது என் தப்பு. ஆனா ஒரு நடைமுறை பாக்கி இருக்கு. பொருளைத் திருப்பித் தரணும்னா உரிமையாளர் நேர்ல தொட்டு அடையாளம் காட்டணும்."

"கழுதைக்கு அடையாள அணிவகுப்பா?" வக்கீல் சிரித்தார்.

நீதிபதி சிரிக்கவில்லை. "நடைமுறைன்னா எல்லாத்துக்கும்தானே. வாங்க, பார்ப்போம்."

சூளைக்காரர் சலவைச் சட்டையில் பவ்யமாகக் கொட்டகைக்குள் வந்தார். கையில் குச்சிகூட இல்லை. "வாடா கண்ணு" என்று கையை நீட்டினார்.

கழுதை பின்னால் நகர்ந்தது. சுவரில் இடித்த பிறகும் நகரப் பார்த்தது. பிறகு முன்னங்கால்களை மடித்துத் தரையில் விழுந்து, கண்ணை மூடிக்கொண்டு நடுங்கியது. அடி விழும் என்று காத்திருந்தது. எனக்குக் கோபத்தில் அழுகை வந்துவிட்டது.

"வெயில் ஒத்துக்கல போல" என்றார் சூளைக்காரர்.

"நீங்க வெளியில நில்லுங்க" என்றார் நீதிபதி. அவர் போனதும் கழுதை எழுந்து என் தோளுக்குப் பின்னால் தலையை நுழைத்துக்கொண்டது.

நீதிபதி வக்கீல் பக்கம் திரும்பினார். "பட்டியல்ல இதுக்கு முன்னாடி ஒரு சைக்கிள் இருக்கே, அது என்னிக்காவது அதோட உரிமையாளரைப் பார்த்து நடுங்கியிருக்கா?"



உத்தரவை அங்கேயே நின்றபடி சொன்னார். "இது பொருள் அல்ல. இந்த வழக்கில் பாதிக்கப்பட்ட உயிர். அடித்த கையிலேயே திருப்பிக் கொடுக்க இந்த நீதிமன்றம் உடன்படாது. காப்பகத்துக்கு அனுப்புங்கள்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. தம்பிக்குப் போன் போட்டேன். அரை மணியில் வந்துவிட்டான்.

"அக்கா, பின்வாசல்ல வண்டியை நிறுத்திட்டேன். சாமான் ஏத்துற வழிதானே?"

"முன்வாசலுக்குக் கொண்டா. கேஸ் ஜெயிச்சவங்க பின்வாசல் வழியா போறதில்ல."