உரியவரிடம் மட்டும்

லவீனா வாசலில் கதிரை போட்டு ஏறி நின்று, கறிக்கத்தியால் பதாகையின் கயிற்றை அறுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். கயிறு நைலோன். கத்தியோ வெங்காயத்துக்கே இரண்டு தரம் யோசிக்கிற கத்தி. கட்டினவன் முடிச்சுக்கு மேல் முடிச்சாக ஏழெட்டுப் போட்டிருந்தான். தேர்தல் முடிந்து வருடம் திரும்பினாலும் இது இங்கேயே கிடக்கட்டும் என்று நினைத்தான் போலும்.

“இறங்கு பிள்ளை,” என்றாள் அம்மா விறாந்தையிலிருந்து. “செத்த வீட்டு வாசலிலை கத்தியோடை நிக்கிறாய். சனம் பாக்குது.”

“பாக்கட்டும். அப்பான்ரை முகத்தைவிடப் பூச்சாடி பெரிசாக் கிடக்கு. அதையும் சேத்துப் பாக்கட்டும்.”

பூச்சாடி என்பது தேர்தல் சின்னம். கிறிஸ்தவ மக்கள் சுயேச்சைக் குழு, பிரதேச சபைத் தேர்தல், முதன்மை வேட்பாளர் ஜெனிஸ்ரன். பதாகையின் ஒரு பக்கம் பல் தெரியச் சிரித்துக்கொண்டு ஜெனிஸ்ரன், மறுபக்கம் பூச்சாடி, நடுவே மிஞ்சிய இடத்தில், அடையாள அட்டைக்கு எடுத்த படத்தில் அப்பா. அவருக்குக் கீழே கொட்டை எழுத்தில், ‘மதத்தைச் சொல்லி எங்களை ஒதுக்க எவருக்கும் உரிமை இல்லை – அமரர் அருமைநாயகம். எங்கள் காவலரே, உங்கள் வழியில் நாங்கள்.’

முதல் வசனம் அப்பா எழுதியதுதான். அதுதான் அவளுக்கு விசரைக் கிளப்பியது. முழுப் பொய் என்றால் பொய் என்று சொல்லிவிட்டுப் போகலாம். பாதி உண்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அருமைநாயகம் முப்பத்தொரு வருடம் தபால் கந்தோரில் இருந்து, உப தபாலதிபராக ஓய்வு பெற்றவர். ஆள்தான் ஓய்வு பெற்றார், பழக்கம் பெறவில்லை. யாருக்கு எதைச் சொல்வதென்றாலும் பதிவுத் தபாலில்தான் சொல்வார். தாளுக்குக் கீழே கார்பன் வைத்து எழுதி, உறையின் தலையில் சிவப்பு மையால் ‘உரியவரிடம் மட்டும்’ என்று போட்டு, வாங்கியவர் கையெழுத்து வைத்துத் திருப்பி அனுப்புகிற அட்டையையும் சேர்த்து அனுப்புவார். அட்டை திரும்பி வந்ததும், அதைப் பற்றுச்சீட்டோடு சேர்த்துக் குண்டூசி குத்தி, “முடிஞ்சுது” என்று சொல்லி பிஸ்கட் ரின்னுக்குள் போடுவார். அப்படி ஒன்பது ரின் அலுமாரிக்கு மேலே இருந்தன. தூசி தட்டுவது மட்டும் லவீனா.

எதிர்வீட்டுப் பொன்னம்பலத்தார் பந்தலுக்குள் இருந்து, வந்தவர் போனவர் எல்லாருக்கும் தன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நெற்றி நிறையத் திருநீறு, கண் சிவந்திருந்தது.

“நானும் அருமையும் தினம் பின்னேரம் ஒண்டா இருந்து தேத்தண்ணி குடிக்கிறனாங்கள். அண்டைக்கும் குடிச்சம். ஒரு சொல்லுச் சொல்லேல்லை மனுசன். ரெண்டு நாள் கழிச்சுப் பதிவுத் தபால் வருது, ‘தங்கள் மதிலில் ஒட்டப்பட்டுள்ள சுவரொட்டி தொடர்பாக’ எண்டு. எங்கடை ரெண்டு வீட்டுக்கும் நடுவிலை ஒழுங்கை எட்டடி. அதைத் தாண்ட ரெண்டு நாள்.”

அந்தச் சுவரொட்டி சைவ எழுச்சி முன்னணியுடையது. ‘சைவ மண்ணில் சைவருக்கே வாக்கு.’

“நான் ஒட்டேல்லை, ஆரோ ஒட்டிப்போட்டுப் போனது. ஆனாக் கையெழுத்து வைச்செல்லே வாங்கிப்போட்டன். பிறகு தெரியாதெண்டு இருக்கேலுமே? உரிச்சுப்போட்டன். இப்ப கோயிலிலை ரெண்டு பேர் என்னோடை கதைக்கிறேல்லை.”

அந்த முன்னணிக்கும் அப்பா எழுதினார். இரண்டு பக்கக் கடிதம். முதல் பக்கம் முன்னணிக்காரருக்கு, இரண்டாம் பக்கம் தம்முடைய திருச்சபை ஆட்களுக்கு. ஒரே கடிதத்தை இரண்டு பகுதியாருக்கும் கொடுப்பதுதான் நியாயம் என்பது அவர் எண்ணம். சாப்பாட்டு மேசையில் அவர் அதை உரத்து வாசித்துக் காட்டியபோது லவீனா, “சரியப்பா, சோறு ஆறுது” என்றாள்.

முன்னணிக்குப் பதிவுத் தபாலில் போனது. ஜெனிஸ்ரனுக்கு மட்டும் அவர் அதைக் கையில் கொடுத்தார். சபைச் செயலாளரின் மகன், ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் நின்றான், எங்கடை பெடியன்தானே என்று கொடுத்துவிட்டார். எழுபத்தெட்டு வயதில் அவர் விட்ட ஒரே தபால் பிழை அது. அடுத்த கிழமை முதல் பக்கம் மட்டும் துண்டுப்பிரசுரமாக ஊரெல்லாம் பறந்தது, மேலே பூச்சாடியோடு. கேட்டதற்கு, “ஒரு பக்கம்தானே அங்கிள் தந்தனீங்கள்” என்றான்.

“கையிலை குடுத்தது என்ரை பிழை.” ஒரு கிழமையாக அப்பா இதைச் சாப்பிடும்போது சொன்னார், முகம் கழுவும்போது சொன்னார், மின்சாரம் நின்று எல்லோரும் இருட்டில் இருந்தபோதும் சொன்னார். வெள்ளிக்கிழமை பின்னேரம் லவீனாவுக்குப் பொறுமை போய்விட்டது.

“அப்பா, போதும். ரெண்டு பக்கமில்லை, இருவது பக்கம் எழுதினாலும் இந்த ஊரிலை ஒருத்தனும் மாறப்போறேல்லை. எங்களை நிம்மதியா இருக்க விடுங்கோ.”

அவர் எழும்பி மேசையடிக்குப் போனார். சனிக்கிழமை காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார், வந்தார், கதிரையில் இருந்தார், தண்ணீர் கேட்டார். கோப்பையோடு அவள் வந்தபோது தண்ணீர் தேவைப்படவில்லை. அதிலிருந்து அவளுக்குக் கோபம் ஆறவே இல்லை. யாரோடு கோபம் என்றுதான் சரியாகத் தெரியவில்லை. அப்பாவோடும்தான், தன்னோடும்தான். ஆனால் பக்கத்தில் அகப்பட்டவன் ஜெனிஸ்ரன்.

அவனோ இரண்டு நாளாக ஓடியோடி வேலை செய்துகொண்டிருந்தான். பந்தல், பெட்டி, வாகனம், தேத்தண்ணி எல்லாவற்றுக்கும் அவன்தான். அதுதான் பெரிய வில்லங்கம். ஒன்றும் செய்யாதவனாயிருந்தால் ஏசிக் கலைத்திருக்கலாம்.

“பதாகையைக் கழட்டு ஜெனிஸ்ரன்,” என்றாள், கதிரையை விட்டு இறங்கி.

“ஏனக்கா? அங்கிள் சொன்னதுதானே போட்டிருக்கு.”

“பாதி.”

“எங்களுக்கு வந்தது அவ்வளவுதான். மற்றப் பக்கம் இருந்தாத் தாங்கோ, அதையும் வாசிக்கிறன்.” குரலைத் தாழ்த்தினான். “அவங்கள் எங்களை இந்த மண்ணிலையே இல்லையெண்டு மதில் மதிலா ஒட்டுறாங்கள். நாங்கள் ஒண்டா நிக்காட்டி எங்களுக்கு ஆரக்கா? மூண்டு மணிக்குச் சபைக் கோயிலிலை நான் அதைத்தான் பேசப்போறன். அங்கிளுக்கு மரியாதை செய்யத்தான்.”

அவன் சொன்னதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது, அது இன்னும் எரிச்சலாக இருந்தது. அப்பா என்றால் மறுமொழி வைத்திருப்பார். இரண்டு நாளில் வந்து சேரும்.

கூடத்தில் இருந்த போதகரிடம் போனாள். போதகர் தன் வாழ்நாளில் யாருக்கும் இல்லை என்று சொல்லாதவர், ஆகவே யாருக்கும் உதவாதவர். “அமைதியா அனுப்பிவைப்பம் பிள்ளை,” என்றார். “தேர்தல் முடியட்டும். கதைப்பம்.”

“அப்பா தேர்தல் முடியுமட்டும் பெட்டிக்குள்ளை இருக்கமாட்டார், ஐயா.”

போதகர் மின்விசிறியைப் பார்த்தார்.

உள்ளே போய் ஒன்பது ரின்னையும் இறக்கினாள். முதல் பக்கத்துக் கார்பன் பிரதி இருந்தது. இரண்டாம் பக்கத்தைக் காணவில்லை. குழாய்க்கிணறு தொடர்பாக, மாடு தொடர்பாக, பாண் நிறை குறைந்தது தொடர்பாக எல்லாம் இருந்தன. வேண்டியது மட்டும் இல்லை. தும்மிக்கொண்டு எழும்பியபோது, கொளுவியில் அப்பாவின் சனிக்கிழமைச் சட்டை தொங்கியது. அம்மா அதைத் தோய்க்க விடவில்லை. சட்டைப்பைக்குள் ஒரு பதிவுத் தபால் பற்றுச்சீட்டு. சனிக்கிழமைத் திகதி. பெறுநர், ஜெனிஸ்ரன்.

ஞாயிற்றுக்கிழமை தபால் இல்லை. அப்படியென்றால் இன்றைக்கு, திங்கட்கிழமை, வரும்.

தபால்காரன் சிவகரன் பதினொரு மணிக்கு ஒழுங்கைக்குள் வருகிறவன். பன்னிரண்டாயிற்று, காணவில்லை. ஒன்றாயிற்று. பெண்கள் பெட்டியைச் சுற்றியிருந்து கீர்த்தனை பாடிக்கொண்டிருந்தார்கள். லவீனா வாசல் படலையடியில் நின்றாள்.

“ஆரைப் பாக்கிறாய்?” என்று அம்மா வந்து கேட்டாள்.

“தபால்காரனை.”

“தேப்பன் பெட்டிக்குள்ளை, மகள் தபால்காரனைப் பாத்துக்கொண்டு படலையிலை.” அம்மா மூக்கைத் துடைத்தாள். “அந்த மனுசனேதான் நீ.”

இரண்டு மணிக்குச் சிவகரன் வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு நேரே பெட்டியடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் கைகட்டி நின்றான். அப்பாவுக்குக் கீழே வேலை பார்த்தவன் அவன். பிறகு பையைத் திறந்து, ஜெனிஸ்ரனைத் தேடித் திரும்பினான்.

“தம்பி, உமக்கொரு பதிவுத் தபால். வீட்டை போனன், இஞ்சை நிக்கிறீர் எண்டு அம்மா சொன்னா.”

“அம்மாட்டைக் குடுத்திருக்கலாமே அண்ணை?”

“உரியவரிடம் மட்டும் எண்டு போட்டிருக்கு.”

உறையைத் தூக்கிக் காட்டினான். சிவப்பு மை. அப்போதுதான் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கவில்லை. அந்தக் கையெழுத்தை அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். அந்த ஒழுங்கையில் ஒரு முறையாவது அதை வாங்காத வீடு இல்லை.

“நான் பிறகு கந்தோரிலை வந்து எடுக்கிறன்.”

“எடுக்கலாம். வேண்டாம் எண்டும் சொல்லலாம். அப்பிடியெண்டா, மறுத்தது எண்டு எழுதி, அனுப்பினவரிட்டைத் திருப்பிக் குடுக்கிறதுதான் முறை.”

சொன்ன பிறகுதான் சிவகரனுக்கு விளங்கியது. அவன் பெட்டியைப் பார்த்தான். எல்லோரும் பெட்டியைப் பார்த்தார்கள். வெள்ளைச் சட்டையோடு அப்பா, எப்போதும்போல, மறுமொழிக்குக் காத்திருப்பவராகக் கிடந்தார்.

“வாங்கு தம்பி,” என்றார் பொன்னம்பலத்தார். “நான் எத்தினை வாங்கிப்போட்டன். கடிக்காது.”

ஜெனிஸ்ரன் அட்டையில் கையெழுத்து வைத்தான். உறையை மடித்துக் காற்சட்டைப் பைக்குள் செருகினான். லவீனா வாயைத் திறக்கப்போனாள். அதற்கு முதல் அம்மா கதைத்தாள். காலையிலிருந்து சும்மா இரு, சும்மா இரு என்று அவளை அடக்கிக்கொண்டிருந்த அம்மா.

“பிரிச்சு வாசி தம்பி. மற்றப் பக்கம் இருந்தா வாசிக்கிறன் எண்டு என்ரை பிள்ளைக்குச் சொன்னனீதானே. நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தனான்.”

உள்ளே நீலக் கார்பன் எழுத்தில் ஒரு தாள். அதோடு ஒரு சின்னத் துண்டு. துண்டைத் தனக்குள் வாசித்தான், காது சிவந்தது. பிறகு தாளை வாசிக்கத் தொடங்கினான்.

“‘அவர்கள் சிவனைச் சொல்லி வாக்குக் கேட்பது பிழை என்றால், நாங்கள் கிறிஸ்துவைச் சொல்லிக் கேட்பதும் அதே பிழைதான். நாளைக்கு எங்கள் வேலியைப் பிரித்து புத்த விகாரை கட்ட வருகிறவன், இதுதான் நாட்டின் மதம் என்றால், எந்த வாயால் அவனை மறிப்போம்? நான் ஞானஸ்நானம் பெற்றவன். அதனாலேயே சொல்கிறேன். சபையின் பெயரால் நிற்கும் எவருக்கும்…’”

மிச்சம் உதட்டுக்குள் போய்விட்டது.

“எனக்குக் கேக்கேல்லை,” என்றார் பொன்னம்பலத்தார். அவருக்கு வலது காது கொஞ்சம் மந்தம். “கடைசியைத் திருப்பி வாசி.”

“‘சபையின் பெயரால் நிற்கும் எவருக்கும் என் வாக்கு இல்லை.’”

“ஓம். இப்ப கேட்டுது.”

போதகர் மின்விசிறியைப் பார்த்தார். பின்வரிசையில் யாரோ இருமினார்கள். ஜெனிஸ்ரன் தாளை மடித்து அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனான். போய்விட்டான் என்றுதான் லவீனா நினைத்தாள். படலையடிக்கு வந்தபோது, அவள் விட்ட கதிரையில் ஏறி நின்று நகத்தால் முடிச்சைக் கிளறிக்கொண்டிருந்தான். அவனே போட்ட முடிச்சுக்கள்தான், அவனுக்கும் அவிழவில்லை.

கதிரைக்குக் கீழே கிடந்த கத்தியை எடுத்து அவள் நீட்டினாள். வாங்கினான்.

“கழட்டினாலும் நான் தேர்தலிலை நிப்பன் அக்கா. இண்டைக்குப் பேசேல்லை. அவ்வளவுதான்.”

“நில்லு. ஆர் வேண்டாமெண்டது? அப்பாவை விட்டிட்டு நில்லு.”

பதாகை ஒரு பக்கம் சரிந்து, பூச்சாடி தலைகீழாகத் தொங்கியது. வாகனம் ஒழுங்கை முனையில் வந்து நின்றது. சிவகரன் சைக்கிளை எடுக்கப் போனவன் திரும்பி வந்தான். கையில் ஜெனிஸ்ரன் கையெழுத்து வைத்த அட்டை.

“சட்டப்படி இது கந்தோருக்குப் போய், முத்திரை குத்தி, நாளைக்குத்தான் இஞ்சை வரோணும்,” என்றான். “ஐயா இருந்தா என்னைப் பேசுவார்.” அட்டையை அவள் கையில் வைத்துவிட்டு, ஒழுங்கையை நோக்கி நடந்தான்.

லவீனா உள்ளே போனாள். மேசை லாச்சியில் குண்டூசிப் பெட்டி எப்போதும் இருக்கிற இடத்தில் இருந்தது. அட்டையையும் பற்றுச்சீட்டையும் ஓரம் சரி பார்த்து அடுக்கி, ஊசி குத்தினாள். பெட்டியை மூட ஆண்கள் வந்து நின்றார்கள். கொஞ்சம் பொறுங்கோ என்று சொல்லி, குனிந்து அதை அப்பாவின் சட்டைப்பைக்குள் வைத்தாள்.

“ஊசி நெஞ்சிலை குத்தாமல் வை பிள்ளை,” என்றாள் அம்மா.

லவீனா அதைத் திரும்ப எடுத்து, ஊசியின் முனை வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பிக் குத்தி, மறுபடி வைத்தாள்.