காலர் இல்லாத நிரல்

எங்கள் வால்தம் தெருவில் வெளியூர்க் கார் நின்றால் எனக்கு ஜன்னலோரம் வேலை வந்துவிடும். போன மாதம் தெல்மா வீட்டு வாசலில் ஒன்று நின்றது. பேச்சு சரியாகக் கேட்கவில்லை. அதனால் ஒரு ஆப்பிள் கேக்கோடு நானே போனேன்.

வந்தவர் ஆல்டன், ஆவணக் காப்பகத்துக்காரர். நிலவுக்கு ஆள் போன காலத்துக் கணினி ஒன்றுக்கு அவருடைய ஆட்கள் உயிர் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஓட்ட வேண்டிய நிரலின் அச்சுப்பிரதியும் கிடைத்துவிட்டது, நான்கு பக்கம் தவிர. அந்த நான்கும் தெல்மா எழுதியவை. எண்பதைத் தாண்டியவளுக்கு, தன் நிரல் ஓடுவதை இன்னொரு தடவை பார்த்துவிட வேண்டும்.

"அந்தத் தாளா? நல்ல அகலமா இருந்துச்சு. கவுன் தைக்க அளவுத் தாளா வெட்டிட்டேனே!" என்றாள் தெல்மா.

ஆல்டன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

"இப்ப எங்க இருக்கு?"

"எதிர்வீட்டு பெர்னிஸ் இரவல் வாங்கினா. திருப்பியே தரல."

அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. தூது போக என்னை விட்டால் யார்?

"இன்னும் அதையே பிடிச்சுத் தொங்குறாளா?" என்று பொரிந்தாள் பெர்னிஸ். "அந்த அளவு இப்ப அவளோட ஒரு கைக்குக்கூடப் பத்தாதுன்னு போய்ச் சொல்லு!"

"அடியே, அதுல இருக்கிறது நிலாவுக்குப் போன கணக்குடி!" என்றேன்.

பெர்னிஸ் விழித்தாள். பிறகு ஒரு பிஸ்கட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு தானே தெருவைக் கடந்தாள். முன்பக்கம், முதுகு, இரண்டு கை, மிச்சத் துண்டுகள் எல்லாவற்றையும் தெல்மா தரையில் பரப்பி, வரிக்கு வரி பொருத்தினாள்.

"காலர் எங்கடி?"

"எனக்குக் காலர் பிடிக்காது. தூக்கிப் போட்டுட்டேன்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். தெல்மா சிரித்துவிட்டாள்.

"பென்சிலை எடு. ஒரு தடவை எழுதினவ இன்னொரு தடவை எழுத மாட்டேனா?"

எழுதியது சரிதானா என்று கணினியே சொல்லிவிடுமாம். நிரலின் எண்களையெல்லாம் அது கூட்டிப் பார்க்கும்; கூட்டுத்தொகை பழைய தொகையோடு ஒத்துப்போக வேண்டும். பழைய தொகை கவுனின் இடது கையில் அச்சாகியிருந்தது.

சனிக்கிழமை காப்பகத்துக்கு நாங்கள் மூவரும் போனோம். முதல் தடவை தொகை இடித்தது. தெல்மா பென்சிலைக் கடித்தபடி காலரை மறுபடி படித்தாள்.

"அடடா, இங்க கழிக்கணும். நான் கூட்டி வச்சிருக்கேன்."

அடுத்த தடவை பச்சை எண்கள் அசையாமல் நின்றன. இடது கையில் இருந்த அதே தொகை. நிரல் ஓடத் தொடங்கியது. தெல்மா பெர்னிஸின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தியா, காலர் இல்லாம ஒண்ணும் குடிமுழுகிப் போகல" என்றாள் பெர்னிஸ்.

"அந்தக் கவுனையாவது ஒழுங்கா தைச்சியா?"

"எங்க தைச்சேன்!"

திரும்பி வரும்போது இருவரும் பின்சீட்டில் குசுகுசுவென்று பேசிக்கொண்டே வந்தார்கள். ஒரு வார்த்தைகூட என் காதில் விழவில்லை. நாளைக்கு இன்னொரு கேக் சுட வேண்டியதுதான்.