ஆலிவ் பச்சை வண்டி

மகாதேவன் வண்டியை புக் பண்ணிவிட்டு வந்த பிறகுதான் வீட்டில் சொன்னார். அண்டர் செக்ரெட்டரியாக ஓய்வு பெற்று, தில்லி ஆர்.கே.புரம் அரசாங்கக் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுத் துவாரகாவில் ஒரு சொசைட்டி ஃபிளாட்டுக்குக் குடிவந்தவர். உத்தியோகத்தில் இருந்த காலம் முழுக்க, ஆபீஸ் போகிறவர்களுக்கான சார்ட்டர்ட் பஸ்ஸில் நின்றுகொண்டு போனார். பிறகு ஒரு சின்ன வெள்ளைக் கார் வாங்கி, அதையே இத்தனை வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்தார்.

தில்லி ரோட்டில் சின்னக் காரை யாரும் மதிப்பதில்லை. பின்னால் வருகிறவன் ஹெட்லைட்டை அடித்து அடித்தே ஓரம் தள்ளுவான். ஒரு முறை தௌலா குவான் சிக்னலில், பெரிய வண்டியில் வந்த ஒரு பையன் கண்ணாடியை இறக்கி, "அங்கிள்ஜி, இதுக்கு ஒரு சைக்கிள் வாங்கிக்கலாமே" என்று இந்தியில் சொல்லிவிட்டுப் பறந்தான். பின் சீட்டில் இருந்த அனந்தலக்ஷ்மி காதில் விழாததுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பையன் சொன்னதைவிட மனைவி அப்படித் திரும்பிக்கொண்டதுதான் அவரை உறுத்தியது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டார், உயரமான வண்டியாக ஒன்று வாங்குவது என்று.

அவர் கண் வைத்த ஆலிவ் பச்சை எஸ்யூவியைப் பற்றி வீடியோ விமர்சகர்கள் ஒரே மாதிரி பேசவில்லை. நெடுஞ்சாலையில் அருமை, டிக்கியில் ஏகப்பட்ட இடம், பார்க்க ராஜா மாதிரி என்றார்கள் சிலர். ஊருக்குள் மெதுவாகப் போகும்போது தூக்கிப் போடுகிறது, பின் சீட் சரியில்லை, ஏறி இறங்கக் கஷ்டம் என்றார்கள் சிலர். மகாதேவன் இரண்டு தரப்பையும் கேட்டார். பிடித்ததை மட்டும் மனதில் வைத்துக்கொண்டார்.

வண்டி வந்த அன்று மலை மந்திர் முருகன் கோயிலில் பூஜை போட்டார்கள். சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. மகள் மேதா வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாள். பின் கதவைத் திறந்து பார்த்து மெதுவாக மூடினாள்.

"எப்படி இருக்கு?" என்றார் மகாதேவன்.

"கலர் ரொம்ப நன்னாருக்கு ப்பா."

அவள் சொன்னது அவ்வளவுதான். அவரும் மேலே கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். மேதாவுக்கு வேலையே அதுதான். குர்காவ்னில் ஒரு பாங்க் உத்தியோகத்தை விட்டுவிட்டு, புது வண்டிகளை ஓட்டிப் பார்த்து வீடியோவில் விமர்சனம் சொல்லும் ஒரு வெப்சைட்டில் சேர்ந்திருந்தாள். சேர்ந்த அன்று, "வண்டி ஓட்டிக் காமிக்கறதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்டவர் மகாதேவன். உறவுக்காரர்கள் விசாரித்தால், "மீடியால இருக்கா" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார். யார் யாருடைய வீடியோவையோ பார்த்தவர், மகளின் சானலை மட்டும் திறந்ததில்லை.

வண்டி வந்த முதல் மாதத்திலேயே விமர்சகர்கள் சொன்ன குறைகள் ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. அனந்தலக்ஷ்மிக்கு முதுகில் பழைய டிஸ்க் தொந்தரவு உண்டு. பின் சீட்டில் காலை நீட்டிக்கொண்டு உட்காருவதுதான் அவளுக்கு வழக்கம். சொசைட்டி கேட்டிலிருந்து மெயின் ரோடு வருவதற்குள், ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் அவள் "அம்மா" என்பாள். மகாதேவனுக்கு அதைக் கேட்கப் பொறுக்காது. வண்டியைக் குறை சொல்லவும் மனம் வராது. குறைக்கெல்லாம் சாமான் வாங்கிப் போட்டுச் சரிசெய்துவிடலாம் என்று தோன்றியது.

கரோல் பாகில் வண்டிச் சாமான் விற்கும் தெருவுக்குப் போக ஆரம்பித்தார். தடிமனான சீட் கவர் போட்டார். அதற்கு மேல் முதுகுக்கும் கழுத்துக்கும் மெத்தை. ஏறி இறங்க வசதியாக இரண்டு பக்கமும் பளபளவென்று ஸ்டீல் படி. பிறகு குறைக்குச் சம்பந்தமில்லாததும் வந்தது. கதவோரத்தில் நீல விளக்கு, கண்ணாடிக்குத் திரை, முன்னும் பின்னும் கேமரா. ஒவ்வொன்றையும் மாட்டிக்கொண்டு வந்து கீழேயிருந்து ஃபோன் பண்ணுவார், "லக்ஷ்மி, பால்கனிக்கு வந்து பாரு" என்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது மேதா சொன்னாள்.

"ப்பா, அந்த சீட் கவரை எடுத்துடேன். பக்கவாட்டு ஏர்பேக் சீட்டுக்குள்ளதான் இருக்கு. மேல இவ்ளோ தடியா போட்டா, வேணும்ங்கறப்போ அது திறக்காது. அந்தப் படியும் வேண்டாம். மழையில வழுக்கும்."

"கடைக்காரன் எல்லாருக்கும்தான் போட்டுத் தரான்."

"அவன் விக்கறவன் ப்பா."

"நீங்கள்ளாம் மட்டும் என்ன? கம்பெனிக்காரன் கவனிச்சா நல்லதாச் சொல்லுவேள், கவனிக்கலேன்னா குறை சொல்லுவேள். நானும் பாத்துண்டுதானே இருக்கேன்." மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார். பிறகு அவராகவே ஒரு வார்த்தை சேர்த்தார். "வண்டி வாங்கினது நானா, நீயா?"

அனந்தலக்ஷ்மி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மகளைப் பார்த்தாள். மேதா தலையை லேசாக ஆட்டி வேண்டாம் என்றாள். மிச்சச் சாதத்தைச் சாப்பிட்டு முடித்து, தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அதன் பிறகு அந்த வண்டியைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை.

மே மாதம் அவளுக்குப் புனேயில் வேலை கிடைத்தது. பெரிய சானல், பெரிய பொறுப்பு. மகாதேவனுக்கு அவள் போவதில் இஷ்டமில்லை. ஆனால் ஏர்போர்ட்டுக்குத் தானே கொண்டு விடுவதாகச் சொன்னார். "நம்ம வண்டியில ஜம்முனு போலாம். உன் பெட்டியெல்லாம் மேல கட்டிடலாம்" என்றார். பெட்டிகளை மேலே கட்ட ஒரு கேரியர் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அவள் கிளம்புகிற அன்று காலையிலேயே கரோல் பாகுக்குப் போனார்.

கேரியரை மாட்டும்போது ஒரு போல்ட் சரியாக உட்காரவில்லை. வேறொன்று எடுத்துவர ஆள் போனான். கிளம்புகிற நேரத்தில் ரோடு அடைத்துக்கொண்டது. மேதா இரண்டு தடவை ஃபோன் பண்ணினாள். "இதோ, பட்டேல் நகர் வந்தாச்சு" என்று முதல் தடவை சொன்னார். இரண்டாவது தடவையும் பட்டேல் நகரில்தான் இருந்தார்.

வீட்டுக்கு வந்தபோது ஹாலில் பெட்டிகள் இல்லை. அனந்தலக்ஷ்மி சோபாவில் சாய்ந்திருந்தாள்.

"மெட்ரோல போயிட்டா. ரெண்டு பெட்டியையும் தானே இழுத்துண்டு போனா. என்னால லிஃப்ட் வரைக்கும்தான் போக முடிஞ்சது."

அவர் உடனே மகளைக் கூப்பிட்டார்.

"பரவால்ல ப்பா, செக்-இன் ஆயிடுத்து" என்றாள் மேதா. கோபமே இல்லாத குரல். "கேரியர் நன்னா அமைஞ்சுதா?"

அமைந்தது என்றார். அவள் கோபித்துக்கொண்டிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பார்.

மேதா போன பிறகு அனந்தலக்ஷ்மி வண்டியில் ஏறுவதையே குறைத்துக்கொண்டாள். கோயிலுக்கு, பஜனைக்கு, டாக்டரிடம், எல்லாவற்றுக்கும் மெட்ரோதான். "மெட்ரோல ஆடாம அசையாம போலாம். லேடீஸ் கோச்சுல பேச்சுத் துணையும் கிடைக்கறது" என்பாள். மகாதேவன் தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு போய்க் காய்கறி வாங்கி வருவார். உயரத்தில் உட்கார்ந்து ஓட்டுவது அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது. இப்போது யாரும் ஹெட்லைட் அடித்து ஓரம் தள்ளுவதில்லை. ஆனால் அதைப் பார்க்கப் பக்கத்தில் யாரும் இல்லை.

ஆடிக் கிருத்திகை அன்று அவர் பிடிவாதம் பிடித்தார். "கும்பல்ல மெட்ரோல நசுங்கிண்டு போகணுமா? நாமதான் வண்டி வெச்சிருக்கோமே." அவள் மறுக்கவில்லை. பட்டுப் புடவை கட்டிக்கொண்டு பின் சீட்டில் மெத்தைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வந்தாள். மலை மந்திர் கீழே வண்டி நின்றபோது மழை பிடித்துக்கொண்டது. மகாதேவன் குடையை விரித்துக்கொண்டு சுற்றி வருவதற்குள், அவளே கதவைத் திறந்து ஸ்டீல் படியில் காலை வைத்தாள். ஈரப் படி வழுக்கியது. பிடித்துக்கொள்ள நீட்டிய கை தரையில் ஊன்றி மடங்கியது.

மணிக்கட்டில் எலும்பு முறிந்திருந்தது. முதுகு வலியும் திரும்ப வந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். மகாதேவன் டாக்ஸி வைத்துத்தான் அவளை அழைத்து வந்தார். தன் வண்டியில் ஏறு என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

மறுநாள் அவளுக்குக் காப்பி ஆற்றிக் கொடுக்கும்போது சொன்னார். "மேதா அன்னிக்கே சொன்னா, படி வழுக்கும்னு."

"அதுக்கும் முன்னாடியே சொல்லியிருக்கா" என்றாள் அனந்தலக்ஷ்மி.

"எப்போ?"

"நீங்க வாங்கறதுக்கு முன்னாடி. வீடியோல."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "இந்த வண்டியைப் பத்தியா? என்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீங்க எங்ககிட்ட கேட்டேளா? புக் பண்ணிட்டுத்தானே வந்து சொன்னேள். நான் அன்னிக்கே சொல்லியிருப்பேன். அவதான், 'அம்மா, அப்பா எவ்ளோ ஆசையா வாங்கியிருக்கார், சொல்லாதே. தெரிஞ்சா கஷ்டப்படுவார்'னா." இடது கையால் தன் ஃபோனை எடுத்து, தடுமாறித் தேடி, வீடியோவை வைத்து அவரிடம் நீட்டினாள்.

மகாதேவன் முதல் முறையாக மகளின் வீடியோவைப் பார்த்தார். அதே வண்டி, சிவப்பு நிறத்தில். மேதா இந்தியில் சரளமாகப் பேசினாள். எஞ்சினைப் பாராட்டினாள். கதவின் கனத்தை, டிக்கியின் ஆழத்தைப் பாராட்டினாள். குறை சொல்லும்போதும் குத்தாமல், இன்னது இன்னாருக்கு ஒத்துவராது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னாள். இவ்வளவு தெளிவாகப் பேசுவாள் என்று அவருக்குத் தெரியாது. பிறகு கேமரா பின் சீட்டுக்குத் திரும்பியது. அங்கே வீட்டுப் புடவையில் அனந்தலக்ஷ்மி உட்கார்ந்திருந்தாள்.

"என் அம்மா. முதுகு வலி உள்ளவர். என்னைவிட இவர்தான் சரியான நீதிபதி" என்று மேதா இந்தியில் சொன்னாள். வண்டி ஒரு ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கியது. "முதுகுல இடிக்கறதுடீ!" என்று அனந்தலக்ஷ்மி கத்தினாள். அம்மாவும் பெண்ணும் சேர்ந்து சிரித்தார்கள். மேதா அதை இந்தியில் மொழிபெயர்த்துச் சொன்னாள். "வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், அவரை உட்காரவைத்துப் பார்க்காமல் இந்த வண்டியை வாங்காதீர்கள்" என்றாள்.

பின்னணியில் தெரிந்தது அவர்களுடைய சொசைட்டி கேட்தான். மகாதேவனுக்கு அந்தச் சாயங்காலம் ஞாபகம் வந்தது. "ப்பா, கீழே ஒரு வண்டி வந்திருக்கு. ஒரு ரவுண்டு போலாம், வாயேன்" என்று மேதா கூப்பிட்டிருந்தாள். நியூஸ் பார்க்கணும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

"நீ நன்னா பேசியிருக்கே" என்றார் மனைவியிடம்.

"நானா? ஊரே பாத்தாச்சு. மெட்ரோல ஒருத்தி என்னை அடையாளம் கண்டுபிடிச்சு செல்ஃபி எடுத்துண்டா." அவள் சிரிக்கப் பார்த்தாள், முதுகு பிடித்துக்கொண்டது. "நீங்கதான் பாக்கலை."

அன்று சாயங்காலம் மேதாவுக்கு ஃபோன் போட்டார்.

"அந்த வீடியோவைப் பாத்தேன்."

"அம்மா காமிச்சாளா?"

"உங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

"நல்ல வண்டிதான் ப்பா. நீ தனியா ஹைவேல ஓட்டினா உனக்கு ரொம்பப் பிடிக்கும். அம்மாவுக்குத்தான் ஒத்துக்காது. அந்தப் படியையும் சீட் கவரையும் மட்டும் எடுத்துடு, ப்ளீஸ்."

"எடுத்துடறேன். தீபாவளிக்கு வரியா? ஏர்போர்ட்டுக்கு நான் வரேன்."

"புது வண்டி லாஞ்ச் நிறைய இருக்கு. பாக்கலாம் ப்பா."

இன்னும் ஏதோ சொல்ல வேண்டும் என்று இருந்தது. 'உன் வேலையை நான் மட்டமா நினைச்சுட்டேன்' என்று மனதுக்குள் வாக்கியம் சரியாகத்தான் வந்தது. வாயைத் திறந்தபோது, "சாப்டியா?" என்றுதான் வந்தது. சாப்பிட்டேன் என்றாள்.

மகாதேவன் சாமான்களை எல்லாம் கழற்றினார். புரட்டாசியில் வண்டியையே விற்றுவிட்டார். வாங்கியவர் தில்லியிலேயே ரோஹிணி பக்கத்துக்காரர், அடிக்கடி ஜெய்ப்பூர் போய்வருகிறவர். மேதாவால் தீபாவளிக்கு வர முடியவில்லை. வீடியோ காலில் வந்து, அம்மாவின் கையைத் திருப்பித் திருப்பிக் காட்டச் சொல்லிப் பார்த்தாள். அப்பாவிடம் பட்சணம் எப்படி என்று விசாரித்தாள்.

அதன் பிறகு நொய்டாவிலிருந்து அவருடைய தங்கை மகன் நரேன் ஃபோன் பண்ணினான். கார் வாங்கப் போகிறானாம். "மாமா, நீங்க எஸ்யூவி வெச்சிருந்தேளே, எது வாங்கலாம், சொல்லுங்கோ."

"எனக்கு ஒண்ணும் தெரியாதுடா. மேதாகிட்ட கேளு. அவளுக்குத்தான் அதெல்லாம் தெரியும்" என்றார் மகாதேவன். நம்பரைக் கொடுத்தார்.

மறுநாள் நரேன் மறுபடியும் கூப்பிட்டான். குரலில் உற்சாகம் தெரிந்தது.

"மாமா, ரொம்ப தேங்க்ஸ். மேதா எவ்ளோ பொறுமையா சொன்னா, தெரியுமா? வீட்ல யார் யார் இருக்கா, யார் எங்க உக்காருவா, எந்த ரோட்ல போவேன், எல்லாத்தையும் கேட்டா. ஷூட்டுக்கு நடுவுல இருந்தாளாம், அப்பவும் ஃபோனை வைக்கவே இல்லை. நீங்க லக்கி மாமா, வீட்லயே இப்படி ஒருத்தி."

"ஆமாம்டா" என்றார் மகாதேவன்.

ஃபோனை வைத்துவிட்டுப் பால்கனிக்கு வந்தார். கீழே அவருடைய பார்க்கிங் இடத்தில் எதிர் ஃபிளாட்டுக்காரர் தன் வண்டியை நிறுத்தியிருந்தார். வாங்குவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், யார் யார் வீட்டில் இருக்கா என்று மகள் தன்னிடமும் அப்படித்தான் பொறுமையாகக் கேட்டிருப்பாள். ஏதாவது பதில் சொல்லி அவளைச் சிரிக்க வைத்திருக்கலாம். எந்தக் கார் என்பதுகூட முக்கியமில்லை, அந்த ஒரு பேச்சு நடந்திருக்கும். உள்ளேயிருந்து அனந்தலக்ஷ்மி, யார் ஃபோனில் என்று கேட்டாள். நரேன் என்று சொன்னார். என்னவாம் என்றாள். கார் வாங்குகிறானாம் என்று சொல்லிவிட்டு, அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.